கண் அளந்த ரத்தம், பை அளந்த ரத்தம்

பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடியும் விழுந்த பிறகு கேஸ் ஷீட்டில் நிரப்ப வேண்டிய கட்டம் ஒன்று உண்டு: ரத்த இழப்பு, மில்லியில். உலகின் பெரும்பாலான பிரசவ அறைகளில் அந்தக் கட்டத்தைக் கண்தான் நிரப்பி வந்திருக்கிறது. விரிப்பில் ஊறியது, பஞ்சு உறிஞ்சியது, தரையில் சொட்டியது, பனிக்குட நீரோடு கலந்து வாளியில் விழுந்தது எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு ‘300’ என்று எழுதுவார்கள். அனுபவம் கூடினால் கணிப்பு சரியாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆகாது. கொஞ்சமாகப் போன ரத்தத்தைக் கண் கூட்டிச் சொல்லும், நிறையப் போனதைக் குறைத்துச் சொல்லும். எங்கே தவறவே கூடாதோ அங்கேதான் அது தவறுகிறது.

கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் 2023-இல் உலகில் இறந்த பெண்கள் ஏறத்தாழ 2,60,000 பேர் என்பது ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீடு. காரணங்களில் முதலிடம் உதிரப்போக்குக்கு. அதிலும் பிரசவத்துக்குப் பிறகு வரும் பெரும்போக்கு (500 மில்லியோ அதற்கு மேலோ என்பது நெடுநாள் வரையறை) மட்டும் ஆண்டுக்குச் சுமார் 45,000 பேரைக் கொண்டுபோகிறது. மருந்து தெரியாத நோயில்லை இது. கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசினை 1953-லேயே ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். உறைந்த ரத்தம் கரைந்துபோகாமல் தடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலத்தை ஜப்பானின் உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேவும் 1962-இல் உலகுக்குச் சொன்னார்கள். இரண்டும் விலை குறைந்தவை. பிறகு ஏன் இத்தனை சாவு? தாய்சேய் நல ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியின் பின்னால் இருபது ஆண்டுகள் நடந்து வந்து சேர்ந்த இடம் ஆய்வகம் அல்ல, கட்டிலின் விளிம்பு. போக்கு தொடங்கியதற்கும் அது ‘போக்கு’ என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்வதற்கும் நடுவே கழியும் நிமிடங்கள். ஒரு மருந்துக்கும் அடுத்த மருந்துக்கும் நடுவே கழியும் நிமிடங்கள். உயிர் அங்கேதான் போகிறது.

உடல் மறைக்கும் கணக்கு

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும், அதற்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்த குழாய்களின் வாய்கள் திறந்தபடி நிற்கும். கருப்பைச் சுவரின் தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடப்பதால், தசை சுருங்கியவுடன் ஒவ்வொரு குழாயும் முடிச்சுப் போட்டதுபோல நெரிபடும். ரத்தம் உறைவது அதற்கு அடுத்த வேலை. தசை சுருங்கத் தவறுவதே பெரும்போக்குகளில் பத்தில் ஏழுக்குக் காரணம். அடிவயிற்றில் கை வைத்தால் கெட்டியான பந்துபோல இருக்க வேண்டிய கருப்பை, பிசைந்த மாவுபோலக் கொழகொழவென்று இருக்கும். மற்றவை கருப்பை வாயிலோ யோனிச் சுவரிலோ கிழிசல், உள்ளே தங்கிவிட்ட நஞ்சுக்கொடித் துண்டு, ரத்தம் உறையும் தன்மையே கெட்டுப்போவது. இரண்டு மூன்று காரணங்கள் ஒரே பெண்ணிடம் சேர்ந்து வருவதும் உண்டு. கருப்பை நன்றாக இறுகியிருக்கிறதே என்று நிம்மதி அடைந்து, மேலே இருக்கும் ஒரு கிழிசலைப் பார்க்காமல் விடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஏமாற்றுவது தாயின் உடலே. கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் கூடிவிடும். அந்தக் கையிருப்பை வைத்துக்கொண்டு உடல் வெகுநேரம் சமாளிக்கும். இளவயதுப் பெண்ணின் ரத்த அழுத்தம், ஒரு லிட்டர் ரத்தம் போன பிறகும் பெரிதாக மாறாமல் நிற்கக்கூடும். முதலில் ஏறுவது நாடி. ஆனால் பல மணி நேரம் வலி தாங்கிக் களைத்துப்போன ஒருவரின் நாடி 110 இருந்தால் அது களைப்பு என்றே பலரும் எடுத்துக்கொள்வார்கள். நாடித்துடிப்பை மேல் ரத்த அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கும் ‘அதிர்ச்சிக் குறியீடு’ இந்தச் சமாதானத்தை உடைக்கத்தான் வந்தது. நாடி 112, மேல் அழுத்தம் 104 என்றால் வகுத்து வருவது 1.08. ஒன்றைத் தாண்டிவிட்டால் உடல் கையிருப்பைச் செலவழிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அழுத்தம் சரிந்த பிறகு செயல்படத் தொடங்குகிறவர் ஏற்கெனவே பந்தயத்தில் பின்தங்கியவர்.

மூன்று மணி நேரம் என்ற எல்லை

பிரசவ அறையில் நேரத்தின் விலையை எண்ணில் காட்டியது ‘உமன்’ என்ற சோதனை. லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசினைச் சேர்ந்த ஹலீமா ஷக்கூர்-ஸ்டில், இயன் ராபர்ட்ஸ் ஆகியோர் முன்னின்று நடத்தியது. 21 நாடுகளில் 193 மருத்துவமனைகள், 20,060 பெண்கள். பிரசவத்துக்குப் பின் பெரும்போக்கு ஏற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு 1 கிராம் டிரானெக்ஸாமிக் அமிலம், மீதிப் பேருக்கு மருந்துப்போலி. முடிவு 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

இந்த ஆய்வின் உள்ளே நடந்த ஒரு திருத்தம் முடிவைவிடக் கவனிக்கத்தக்கது. தொடக்கத் திட்டப்படி ‘இறப்பு அல்லது கருப்பை அகற்றம்’ இரண்டையும் சேர்த்தே விளைவாக எண்ணுவதாக இருந்தது. ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே ஒன்று தெரிந்தது: கருப்பையை எடுத்துவிடலாம் என்ற முடிவைப் பல இடங்களில் மருத்துவர்கள் மருந்து கொடுக்கும் நேரத்திலேயே எடுத்துவிடுகிறார்கள். கைக்கு வந்துவிட்ட முடிவை எந்த மருந்தாலும் மாற்ற முடியாது. அப்படிப்பட்ட நிகழ்வுகளைக் கூட்டினால் மருந்தின் உண்மையான பலன் அந்தக் கூட்டத்தில் மூழ்கிவிடும். ஆகவே உதிரப்போக்கால் நேரும் இறப்பைத் தனியாகப் பார்க்கும்படி, சேர்க்கும் பெண்களின் எண்ணிக்கையை 15,000-லிருந்து 20,000-ஆக உயர்த்தினார்கள். கடைசியில் கூட்டு விளைவில் வித்தியாசம் இல்லை: மருந்து பெற்றவர்களில் 5.3 சதவீதம், மருந்துப்போலி பெற்றவர்களில் 5.5 சதவீதம். உதிரப்போக்கால் நேர்ந்த இறப்பை மட்டும் எடுத்தால் 1.5-க்கு எதிராக 1.9. மூன்று மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 1.2-க்கு எதிராக 1.7. எதை எண்ணுகிறோம் என்பதில் கோட்டை விட்டிருந்தால், வேலை செய்யும் ஒரு மருந்து ‘பலனில்லை’ என்ற முத்திரையோடு அலமாரிக்குப் போயிருக்கும்.

அடுத்த ஆண்டு, விபத்துக் காயங்களில் இதே மருந்தைச் சோதித்த ஆய்வின் தரவுகளையும் சேர்த்து அலசியபோது சரிவு தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் மருந்தின் பலன் ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது. மூன்று மணி நேரம் கழிந்தால் ஒன்றுமே மிஞ்சுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2017-லேயே இதைத் தன் பரிந்துரையில் சேர்த்தது. அளவு 1 கிராம். பொதுவாக 10 மில்லி கரைசல், நரம்பு வழியாக, நிமிடத்துக்கு 1 மில்லி வீதம் 10 நிமிடங்களில். அரை மணி நேரம் கழிந்தும் போக்கு நிற்காவிட்டாலோ, நின்று 24 மணி நேரத்துக்குள் மறுபடி தொடங்கினாலோ இன்னொரு கிராம்.

இந்த மருந்தில் ஒரு கொடிய தவறு பதுங்கியிருக்கிறது. இதன் ஆம்பூல் (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி), முதுகுத்தண்டில் போடும் மயக்க மருந்து ஆம்பூலைப் போலவே தோற்றமளிக்கும். மாற்றி எடுத்து முதுகுத்தண்டில் செலுத்திவிட்டால் வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, பெரும்பாலும் மரணம். இப்படி நடந்த சம்பவங்களுக்குப் பிறகு உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை வெளியிட்டது. டிரானெக்ஸாமிக் அமிலத்தை மயக்க மருந்துத் தட்டிலோ அதன் அருகிலோ வைக்கவே கூடாது. பெட்டியில் தனி இடம், பெரிய எழுத்தில் பெயர், உடைக்கும் முன் வாய்விட்டுப் படிப்பது. இந்த மூன்றுக்கும் செலவே இல்லை.

மருந்து கையில் இருக்கிறது, கடிகாரமும் ஓடுகிறது. ஆனால் கடிகாரத்தை யார், எப்போது ஓடவிடுவது? போக்கு என்று கண்டுபிடித்தால்தானே?

பையை மட்டும் கொடுத்தபோது

ரத்தத்தை அளக்கும் பை புதிய யோசனை அல்ல. கர்நாடகத்தின் பெலகாவி வட்டாரத்தில், கருப்பையைச் சுருக்கும் மிசோபிரோஸ்டால் மாத்திரையைச் சோதித்த ஆய்வுக்காக, இடுப்புக்கடியில் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பும் அதன் நுனியில் அளவுக்கோடு போட்ட புனல் பையும் சேர்ந்த ஒன்றை உருவாக்கினார்கள். அந்த ஆய்வு 2006-இல் வெளியானது. 1,620 பெண்களில் பாதிப் பேருக்குத் துணைச் செவிலியர்கள் 600 மைக்ரோகிராம் மிசோபிரோஸ்டால் கொடுத்தார்கள். பெரும்போக்கு 12 சதவீதத்திலிருந்து 6.4-ஆகக் குறைந்தது. கண்ணையும் பையையும் அங்கேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டும் பார்த்தார்கள். பை காட்டியதைவிடக் கண் சொன்னது மூன்றில் ஒரு பங்கு குறைவு.

அப்படியென்றால் எல்லாருக்கும் பையைக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று தோன்றும். ஐரோப்பாவில் 13 நாடுகளின் 78 பிரசவப் பிரிவுகள் அதைத்தான் செய்து பார்த்தன. 25,000-க்கு மேற்பட்ட பிரசவங்கள். 2010-இல் வந்த முடிவு: பை கொடுத்த பிரிவுகளிலும் கொடுக்காத பிரிவுகளிலும் கடும்போக்கு ஏறத்தாழ ஒரே அளவு. பை சரியாகத்தான் அளந்தது. அளந்த எண்ணைப் பார்த்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. 600 என்று பார்த்த பிறகும் செவிலியர் மருத்துவரைத் தேடிப் போனார், மருத்துவர் ஒரு ஊசி போடச் சொன்னார், கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தார்கள், அடுத்ததை யோசித்தார்கள். படிப்படியாகப் போகும் இந்தச் சிகிச்சை முறை நூல்களிலும் அப்படியே இருந்தது: முதலில் கருப்பையைத் தேய்த்துப் பார், கேட்காவிட்டால் ஊசி, அதுவும் கேட்காவிட்டால் இன்னொன்று. ஒவ்வொரு படிக்கும் பத்து நிமிடம் என்றாலே ஐந்தாவது படிக்குள் ஒரு மணி நேரம் நெருங்கிவிடும்.

தோல்வியடைந்த ஆய்வுகளில் எனக்கு இது மிகவும் முக்கியமானதாகப் படுகிறது. அளவு என்பது தானாகவே செயலாக மாறாது என்பதை இது சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டியது. அடுத்து வந்தவர்கள் அந்த இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

கோடு தொட்டதும் ஐந்தும் ஒன்றாக

பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அரி குமாரசாமி தலைமையில் நடந்த ‘இ-மோட்டிவ்’ ஆய்வின் பெயரிலேயே முறை அடங்கியிருக்கிறது. ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்து சீக்கிரம் கண்டுபிடிப்பதைக் குறிக்கிறது. அடுத்தவை கருப்பையைத் தேய்த்துவிடுவது, கருப்பையைச் சுருக்கும் மருந்து, டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்பு வழித் திரவம், பரிசோதனையும் தேவையானால் மேல்கட்ட உதவியும். புதிதாக எதுவும் இல்லை. புதியது, இவை ஐந்தையும் வரிசையாகச் செய்யாமல் ஒன்றாகத் தொடங்கி 15 நிமிடங்களுக்குள் முடிக்க வேண்டும் என்ற விதி. இன்னொன்று, எப்போது தொடங்குவது என்பதை ஆளின் துணிச்சலுக்கு விடாமல் பையின் கோட்டுக்கு விட்டது.

பையில் இரண்டு கோடுகள்: 300, 500. ரத்தம் 500-ஐத் தொட்டால் வேறு எதையும் யோசிக்காமல் தொடங்க வேண்டும். 300-ஐத் தொட்டால் நாடி, ரத்த அழுத்தம், கருப்பையின் இறுக்கம், ரத்தம் வரும் வேகம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒன்று பிசகியிருந்தாலும் தொடங்க வேண்டும். ரத்தம் எந்தக் கோட்டையும் தொடாவிட்டாலும், பார்க்கிறவருக்குச் சரியாகப் படவில்லை என்றால் தொடங்கலாம். இந்த மூன்றாவது வாசலைத் திறந்தே வைத்திருப்பது அவசியம். ரத்தம் கருப்பைக்குள்ளேயோ கிழிசலுக்கு உள்ளேயோ தேங்கி நின்றால் பைக்கு அது தெரியாது.

பையை விரிக்கும் நேரத்தில் தொடங்குகிறது நுணுக்கம். பிள்ளை வெளியே வந்து, பனிக்குட நீர் வடிந்த பிறகு, நஞ்சுக்கொடி விழும் முன் விரிக்க வேண்டும். முன்கூட்டியே விரித்தால் நீரும் சேர்ந்து அளவு ஏறிவிடும். தாமதித்தால் முதல் வேகத்தில் போன ரத்தம் கணக்கில் வராது. விரிப்பு பிட்டத்துக்கடியில் முழுதாகப் போய், நாடாவை இடுப்பில் கட்டி, புனல் கட்டில் விளிம்பிலிருந்து செங்குத்தாகத் தொங்க வேண்டும். புனல் மெத்தைமேல் மடங்கிக் கிடந்தால் கோடு பொய் சொல்லும். தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தாவிட்டால் ரத்தம் முதுகுக்கடியில் குளமாகத் தேங்கும். நஞ்சுக்கொடியைப் பைக்குள் விழவிட்டு அப்படியே வாசித்தால் அதன் கன அளவும் ரத்தமாகக் கணக்காகிவிடும். அதைத் தனிப் பாத்திரத்துக்கு எடுத்துவிட்டுத்தான் அளவைப் பார்க்க வேண்டும். சிறுநீர்ப்பையைக் காலி செய்யும்போது சிறுநீர் பைக்குள் போகக் கூடாது. நிரம்பிய சிறுநீர்ப்பை கருப்பையைச் சுருங்கவிடாது என்பதால் காலி செய்வதைத் தள்ளிப்போடவும் கூடாது.

பஞ்சிலும் துணியிலும் போனதை எடை போட்டுச் சேர்க்க வேண்டும். ஒரு மில்லி ரத்தம் சுமார் 1.06 கிராம். காய்ந்த நிலையில் 60 கிராம் இருந்த துணிகள் இப்போது 272 கிராம் என்றால் வித்தியாசம் 212 கிராம், அதாவது 200 மில்லி. அவசரத்தில் ஒரு கிராமை ஒரு மில்லியாகவே எடுத்துக்கொண்டாலும் பெரிய பிழை வராது. காய்ந்த எடையை முன்பே எழுதி ஒட்டி வைத்திருக்காவிட்டால் மட்டும் இந்தக் கணக்கு நடக்காது. பிறகு ஒரு மணி நேரம், 15 நிமிடத்துக்கு ஒரு முறை பையின் அளவு, ரத்தம் வரும் வேகம், கருப்பையின் இறுக்கம். போக்கு நிற்காமலிருந்தால் இரண்டு மணி நேரம் வரை. அடுத்த தாய்க்குக் கட்டில் வேண்டும் என்று இருபதாவது நிமிடத்தில் பையைச் சுருட்டி எடுத்துவிடுவதுதான் இந்த முறை தோற்கும் வழிகளில் முதலாவது. அதன் பிறகு போவது மறுபடி துணியில், மறுபடி கண்ணின் பொறுப்பில்.

கோடு தொட்டுவிட்டால்: கருப்பை இறுகும் வரையோ ஒரு நிமிடமோ தேய்த்துவிட வேண்டும். உறைகட்டிகளை வெளியேற்ற வேண்டும். ஆக்சிடோசின் 10 யூனிட் நரம்பில் மெதுவாக, அல்லது 200 முதல் 500 மில்லி திரவத்தில் கலந்து 10 நிமிடங்களில். அதைத் தொடர்ந்து ஒரு லிட்டர் சலைனில் 20 யூனிட், நான்கு மணி நேரத்துக்கு. 10 யூனிட்டையும் நரம்பில் ஒரே தள்ளாகத் தள்ளினால் அழுத்தம் சட்டென்று விழும், ஏற்கெனவே ரத்தம் இழந்தவருக்கு அது இரட்டை அடி. டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், மேலே சொன்னபடி. அதிர்ச்சி அறிகுறி (ரத்தம் போதாமல் உடல் தளர்வதன் அடையாளம்) இருந்தால் கூடுதல் திரவத்துக்கு இரண்டாவது ஊசிக்குழாய் போட வேண்டும். ஆனால் சலைனை மட்டும் லிட்டர் லிட்டராக ஏற்றிக்கொண்டே போனால் ரத்தம் நீர்த்து உறையும் தன்மை குறையும். அளவாக ஏற்ற வேண்டும், ரத்தத்துக்கு அப்போதே ஆள் அனுப்ப வேண்டும். இதே நேரத்தில் இன்னொருவர் கிழிசல் இருக்கிறதா, நஞ்சுக்கொடி முழுதாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே ஆளால் இத்தனையும் 15 நிமிடத்தில் ஆகாது. ஆகவே உரக்கக் கூப்பிட்டு ஆள் சேர்ப்பதும் முறையின் பகுதிதான்.

இவ்வளவும் செய்து நிற்காவிட்டால் இரண்டு கைகளாலும் கருப்பையை அமுக்கிப் பிடிப்பது, பெருந்தமனியை வயிற்றின் மேலிருந்து அழுத்துவது, கால்களையும் வயிற்றையும் இறுக்கிக் கட்டும் அதிர்ச்சி எதிர்ப்பு உடை, பிறகு அறுவை. கருப்பைக்குள் பலூன் வைத்து அழுத்துவதும் உண்டு. வங்கதேசத்தின் மருத்துவர் சயீபா அக்தர் ஆணுறையையும் கதீட்டர் குழாயையும் கொண்டு செய்த எளிய பலூன் உலகெங்கும் பரவியது. ஆனால் பெனின், மாலி நாடுகளில் நடந்த ஆய்வில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. அறுவையும் ரத்தமும் உடனே கிடைக்கும் இடங்களில் மட்டும் பலூன் என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனம் எல்லை வகுத்தது. எளியது, மலிவானது என்பதால் ஒன்று பலன் தரும் என்று முடிவு கட்டிவிட முடியாது.

எண் எப்படி வந்தது

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா. 80 மருத்துவமனைகள். யோனி வழியாகப் பிரசவித்த 2,10,132 பெண்கள். இங்கே குலுக்கிப் பிரித்தது பெண்களை அல்ல, மருத்துவமனைகளை. ஒரே அறையில் ஒரு தாய்க்குப் புதிய முறை, பக்கத்துக் கட்டிலுக்குப் பழைய முறை என்று ஒரு செவிலியரால் வேலை செய்ய முடியாது. கற்றுக்கொண்டதை மறக்கவும் முடியாது. ஆனால் மருத்துவமனைகளைக் குலுக்குவதற்கு ஒரு விலை உண்டு. ஒரே இடத்தில் பிரசவிக்கும் பெண்களின் விளைவுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும், அதனால் ஆயிரம் பெண்கள் ஆயிரம் தனித் தகவல்கள் ஆக மாட்டார்கள். அந்த ஒற்றுமையின் அளவு 0.01 என்றும் ஒரு மருத்துவமனையில் 1,000 பெண்கள் என்றும் வைத்தால், ஒன்றோடு 999-இன் நூறில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். ஏறத்தாழ 11 வருகிறது. தனித்தனிப் பெண்களைக் குலுக்கும் ஆய்வுக்குத் தேவைப்படுவதைப்போல 11 மடங்கு பெண்கள் வேண்டும். இரண்டு லட்சம் என்ற எண் ஆடம்பரம் இல்லை.

அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று இருந்தது. புதிய முறை நடக்கும் இடத்தில் அளவுக்கோட்டுப் பை இருக்கிறது, ஆகவே அங்கே அதிகப் போக்கு கண்ணில் படும். பழைய முறை நடக்கும் இடத்தில் கண் மதிப்பீடு, ஆகவே குறைவாகப் படும். இப்படியே ஒப்பிட்டால் நல்ல முறை கெட்ட முறையாகத் தெரியும். இதற்காக எல்லா மருத்துவமனைகளுக்கும் விரிப்பைக் கொடுத்தார்கள். ஒப்பீட்டு மருத்துவமனைகளுடையதில் மட்டும் கோடு கிடையாது. பிறகு இரு பக்கமும் ரத்தத்தை எடை போட்டு எழுதினார்கள். செவிலியர் என்ன நினைத்தார் என்பது வேறு, எவ்வளவு போனது என்பது வேறு. இரண்டையும் தனித்தனியாகப் பதிந்ததால்தான் பழைய முறையில் கண்ணுக்குத் தப்பியது எவ்வளவு என்பதும் தெரியவந்தது.

தப்பியது ஏறத்தாழ பாதி. வழக்கமான சிகிச்சை நடந்த இடங்களில் பெரும்போக்குகளில் 51.1 சதவீதம் மட்டுமே கண்டறியப்பட்டன. புதிய முறையில் 93.1. ஐந்து சிகிச்சைகளும் ஒன்றாகக் கிடைத்தது பழைய முறையில் 19.4 சதவீதப் பெண்களுக்கு, புதிய முறையில் 91.2. ஒரு லிட்டருக்கு மேல் போக்கு, அதற்காக வயிற்றைத் திறந்து அறுவை, அதனால் மரணம் என்ற மூன்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தது பழைய முறையில் 4.3 சதவீதம், புதிய முறையில் 1.6. 2023 மே மாதம் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த இந்த முடிவைச் சுருக்கி ‘60 சதவீதக் குறைவு’ என்று சொல்கிறார்கள். சரிதான். ஆனால் அந்தக் குறைவின் பெரும்பகுதி ஒரு லிட்டர் எல்லையைத் தாண்டாமல் நிறுத்தியதில் வந்தது. மரணம் அரிது என்பதால் அதை மட்டும் தனியாக நிறுவும் வலு இந்த ஆய்வுக்கு இல்லை. பை, ஐந்து சிகிச்சை, பயிற்சி, மருந்துப் பெட்டி, ஊக்கம் தரும் பொறுப்பாளர், மாதாமாதம் தங்கள் எண்களைத் தாங்களே பார்ப்பது ஆகிய எல்லாம் ஒன்றாக நுழைந்ததால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. ஐரோப்பிய ஆய்வை நினைவில் வைத்துப் பார்த்தால் பிரிக்க வேண்டிய தேவையும் குறைவு. பையை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பது ஏற்கெனவே தெரியும்.

மருந்துப் பெட்டியைப் பற்றி ஒன்று. ஆக்சிடோசின் குளிர்பெட்டியில், டிரானெக்ஸாமிக் அமிலம் பூட்டிய அலமாரியில், சாவி வேறொருவரிடம், ஊசிக்குழாய் வேறு அறையில் என்று இருந்தால் 15 நிமிடம் தேடலிலேயே போய்விடும். ஒவ்வொரு முறை பயன்படுத்திய பிறகும் நிரப்பி வைக்கப்படும் ஒரே பெட்டி அல்லது தள்ளுவண்டி இந்த முறையின் முதுகெலும்பு.

ஊசிக்குள் மருந்து இருக்கிறதா?

ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. வெயிலில் நின்ற வண்டி, மின்சாரம் போன இரவு, மேசைமேல் மறந்துவிட்ட அட்டைப்பெட்டி ஒவ்வொன்றும் அதன் வீரியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். ஆம்பூலைப் பார்த்தால் எதுவும் தெரியாது. ஊசி போட்டும் கருப்பை இறுகவில்லை என்றால் நோய் கடுமையானது என்றே நினைப்பார்கள், மருந்து செத்துப்போனது என்று யாருக்கும் தோன்றாது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் எடுத்த மாதிரிகளைத் தொகுத்து 2020-இல் வந்த அலசலில், ஆக்சிடோசின் மாதிரிகளில் பத்துக்கு ஏறத்தாழ நான்கு தரச் சோதனையில் தேறவில்லை.

இதற்கு மாற்றாக வந்தது வெப்பம் தாங்கும் கார்பெடோசின். 30 டிகிரியில் மூன்று ஆண்டுகள் கெடாது. 10 நாடுகளில் 29,645 பெண்களிடம் நடந்த ஆய்வில், பிரசவம் ஆனவுடன் தசையில் 100 மைக்ரோகிராம் கார்பெடோசின் போடுவது 10 யூனிட் ஆக்சிடோசினுக்குக் குறைந்ததில்லை என்று 2018-இல் தெரிந்தது. ஒப்பிட்ட விளைவு கார்பெடோசினில் 14.5, ஆக்சிடோசினில் 14.4 சதவீதம். அந்த ஆய்வில் ஆக்சிடோசினைக் குளிரில் பத்திரமாக வைத்திருந்தார்கள். வெளியே, குளிர் தவறும் இடங்களில், இந்தச் சமன் எந்தப் பக்கம் சாயும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. இது தடுப்புக்கான மருந்து என்பதை மட்டும் மறக்கக் கூடாது. போக்கு தொடங்கிய பிறகு கொடுக்கும் முதல் மருந்து ஆக்சிடோசினே.

மாறிய வரையறை, மாறாத ரத்தசோகை

2023 டிசம்பரில் அளவுக்கோட்டுப் பையையும் ஐந்து சிகிச்சைக் கட்டையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 2025 அக்டோபரில் மகப்பேறு மருத்துவர்கள், மருத்துவச்சிகளின் உலகக் கூட்டமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியில் பெரும்போக்கின் வரையறையே மாறியது. 500 மில்லி வரை காத்திருக்கத் தேவையில்லை. 300 மில்லியோடு நாடி 100-க்கு மேலோ, மேல் அழுத்தம் 100-க்குக் கீழோ, கீழ் அழுத்தம் 60-க்குக் கீழோ, அதிர்ச்சிக் குறியீடு ஒன்றுக்கு மேலோ இருந்தாலே சிகிச்சை தொடங்க வேண்டும். பல தலைமுறைகளாகப் பாடநூல்களில் நின்ற ஓர் எண் இப்படி அசைந்தது சிறிய விஷயமில்லை.

இவை யோனி வழிப் பிரசவத்துக்கு உரியவை. சிசேரியனில் உறிஞ்சு குப்பியில் ரத்தமும் பனிக்குட நீரும் கலந்தே சேரும். நஞ்சுக்கொடியை எடுக்கும் முன் குப்பியின் அளவைக் குறித்து, பிறகு சேர்ந்ததை மட்டும் ரத்தமாகக் கொண்டு, துணிகளின் எடையைக் கூட்டினால்தான் நம்பகமான எண் வரும். அந்த முதல் வாசிப்பைக் குறிக்க மறப்பது வாடிக்கை.

ரத்தசோகை உள்ள தாயின் கணக்கு இன்னும் கடினமானது. ஹீமோகுளோபின் 12 உள்ளவர் தாங்கிக்கொள்ளும் 500 மில்லியை 7 உள்ளவர் தாங்க மாட்டார். அவருக்குப் போக்கு வரும் வாய்ப்பே கூடுதல். மிதமான அல்லது கடுமையான ரத்தசோகை உள்ள 15,068 பெண்களுக்கு, போக்கு தொடங்கும் முன்பே, தொப்புள்கொடி வெட்டிய 15 நிமிடங்களுக்குள் டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுத்தால் தடுக்க முடியுமா என்று ‘உமன்-2’ ஆய்வு நைஜீரியா, பாகிஸ்தான், தான்சானியா, ஜாம்பியா நாடுகளில் பார்த்தது. 2023-இல் விடை வந்தது: மருந்து பெற்றவர்களில் 7.0 சதவீதம், பெறாதவர்களில் 6.6. தடுக்கவில்லை. ஆகவே அவர்களுக்கான வேலை பிரசவ அறைக்கு மாதங்கள் முன்பே, முதல் ரத்தப் பரிசோதனையிலும் இரும்புச்சத்து மாத்திரையிலும் தொடங்கியாக வேண்டும். பையின் 300 கோடு எல்லாத் தாய்க்கும் ஒரே உயரத்தில்தான் அச்சிடப்பட்டிருக்கிறது. ஹீமோகுளோபின் 7 என்று கேஸ் ஷீட்டில் இருந்தால், அந்தக் கோட்டுக்கு முன்பே நாடியைப் பிடித்துப் பார்க்க வேண்டியது செவிலியரின் கை.